நெத்திலி இல்லாத சாஸ்

தக்காளியின் தோல் கரியாகும்வரை ஷோபா தோசைக்கல்லை விட்டு நகரவில்லை. புகை ஆகாது என்று அடுப்பையும் சிலிண்டரையும் லைன் வீட்டுக்குப் பின்னால் இழுத்து வைத்திருந்தாள். உள்ளே கட்டிலில் அவளுடைய நைனா தங்கவேலு. தங்கச் சுரங்கத்தில் வருஷக்கணக்காகத் தின்ற தூசி அவர் நெஞ்சுக்குள் கல்லாக இறுகிவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

ஒரு மாதமாக ராகிக் கஞ்சிதான். அதிலும் இரண்டு சொட்டு கறுப்பு சாஸ் விட்டால்தான் இறங்கும். இன்று காலை அத்தை மகன் ரூபேஷ் அந்த பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். சும்மா இருந்திருக்கலாம்.

"மாமா, இதுல மீன் இருக்குது. நெத்திலி. இங்க்லீஷ்ல போட்டுகிறான் பாரு."

தங்கவேலு வாயிலிருந்த கஞ்சியைத் துப்பினார்.

ஷோபா காலேஜில் சேர்ந்த அன்று அவர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டது ஊருக்கே தெரியும். பெண்ணுக்கு பர்மனென்ட் வேலை கிடைக்கும்வரை கவுச்சி தொடமாட்டேன் என்று. யாரும் அவரை அப்படி வேண்டச் சொல்லவில்லை. ஷோபா சொல்லவே இல்லை. டிகிரி வந்தது. வேலை மட்டும் கான்ட்ராக்டிலேயே நின்றது. விடியுமுன் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போவாள், இருட்டித் திரும்புவாள். கருவாடு இல்லாமல் சோறு இறங்காமல் தவித்த மனிதருக்கு, பக்கத்து வீட்டு ஐடா கொடுத்த அந்த சாஸ் எப்படியோ பிடித்துப்போயிற்று. எப்படி என்று இன்றுதான் தெரிந்தது.

"அதாம்மா உனக்கு வேல அமையல," என்றார் மூச்சு வாங்க. "நான்தான் கெடுத்துட்டேன்."

"வேல குடுக்காதவன் பெங்களூர்ல ஏசி ரூம்ல குந்தினுகிறான் நைனா. நெத்திலி இன்னா பண்ணும்?"

அவர் வாயை மூடிக்கொண்டார். அதன்பிறகு ஸ்பூனை எத்தனை முறை கொண்டுபோனாலும் திறக்கவில்லை. ஷோபா கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தாள். மீன் இல்லாமல் அதே சாஸ் வேண்டும், அவ்வளவுதானே?

முதல் முறை கொதித்து இறங்கியதை ஐடா விரலில் தொட்டு நக்கினாள்.

"இது ரசம்டி."

"வாய வெச்சினு சும்மா இரு ஆன்ட்டி, வினிகர் குடு."

"வினிகர் குடுப்பேன். அந்த மீன் வாடைக்கு இன்னா பண்ணுவ?"

அதற்குத்தான் கரியான தக்காளி. அதற்குத்தான் உப்பில் பிரட்டி, சுண்டச் சுண்ட வறுத்த காளான். பூண்டைத் தீயும் பதத்துக்குக் கொண்டுபோய்ப் பெருங்காயத்தைக் கொஞ்சம் கூடவே போட்டாள். ஒவ்வொன்றையும் போடும்போது பின்கதவு வழியாக உள்ளே கத்தினாள்.

"நைனா, புளி போட்டேன்! வெல்லம்! கிராம்பு நாலு!"

"ஏலம் வுடுறியாடி?" என்றாள் அத்தை தாயம்மா, அண்ணனின் தலைமாட்டிலிருந்து.

"காதுல வுழணும் அத்த. அப்பால மீன் போட்டியான்னு கேக்கக் கூடாது."

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "கறுப்பாச்சா?"

"ஆயினே இருக்குது நைனா!"

வினிகரை ஊற்றிக் கிளறினாள். குழம்பு கெட்டியாகி ஓரங்களில் பளபளத்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். புளிப்பு, காரம், இனிப்பு, அதற்கடியில் ஏதோ ஒரு பழைய வாடை. வந்துவிட்டது. கரண்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது தாயம்மா, "அண்ணா!" என்று அலறினாள்.

அதற்குள் அவர் போயிருந்தார்.

ஷோபா கரண்டியோடு கட்டிலருகே நின்றாள். மூடியிருந்த வாயைப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் போனாள்.

"அடுப்ப அமத்துடி!" தாயம்மா தலைவிரிகோலமாக வந்து நின்றாள். "எழவு வூட்ல அடுப்பு எரியலாமா?"

"வூட்லயா எரியுது? வெளிய எரியுது."

"மனுசிதானா நீ? செத்துட்டான்டி உங்கப்பன்!"

"தெரியுது அத்த. இன்னும் கொஞ்சம் சுண்டணும்."

தாயம்மாவின் கை ஸ்டவ் பக்கம் போனது. ஷோபா குறுக்கே நின்றாள். ஐடா, தாயம்மாவின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். குழம்பு சுண்டியது. மெல்லிய துணியில் வடித்தாள், கடைசிச் சொட்டுவரை பிழிந்தாள். அதற்குப் பிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

சாயங்காலம் தெருவில் பாடை தயாராயிற்று. தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணியோடு தங்கவேலு பெஞ்சில் கிடந்தார். வாய்க்கரிசி போடச் சொந்தங்கள் வரிசையில் வந்தார்கள். தாயம்மா போட்டு அழுது முடித்து நகர்ந்தாள். ஷோபா உள்ளங்கை அரிசியில், வடித்த சாஸ் இருந்த டம்ளரைச் சாய்த்தாள். அரிசி கறுத்தது.

"இன்னாடி அது?" என்று யாரோ கேட்டார்கள்.

அவள் குனிந்து காதோடு சொன்னாள். "தக்காளி நைனா. காளான், புளி. நெத்திலி இல்ல. தொறங்க."

கட்டை விரலால் உதட்டைத் தளர்த்தி உள்ளே வைத்தாள். ஒரு சொட்டு நரைத்த தாடியில் வழிந்தது. துடைக்க முந்தானையை எடுத்த தாயம்மா, அப்படியே கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்தது ரூபேஷ். அரிசியை அள்ளியவன் மாமாவின் வாய்க்குக் கொண்டுபோகாமல் கையை ஷோபாவின் டம்ளருக்கு நேரே நீட்டினான்.

ஷோபா அவனை முறைத்தாள். பிறகு டம்ளரைச் சாய்த்தாள்.