குச்சி கேட்டு வராத வீடு

எங்கள் தெருவில் செடிகள்தான் ஆட்களை வளர்க்கின்றன. என்னை வளர்ப்பது ஓர் அடுக்குச் செம்பருத்தி. வாசலுக்கு இடது பக்கம் நிற்கிறது. அதன் கைராசி இந்த ஊரில் வேறு எந்தச் செடிக்கும் கிடையாது. உண்டு என்று சொல்கிறவன் இருந்தால் என்னிடம் கூட்டி வாருங்கள், பேசிக்கொள்கிறேன்.

ஆளுக்கொரு பூ. என் மனைவி பொன்மணியை வளர்ப்பது கிணற்றடி நந்தியாவட்டை. அவள் பூப்பது பொறுமை. எனக்கு வாய்த்தது கோபம். உயர்ந்த ரகம். துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டினேன். மேலேயிருந்து நான் ஒரு சத்தம் போட்டால் கப்பலில் இருப்பவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வான்.

கடலோரத்தில் ஆள் வளர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முகத்தில் உப்புக்காற்று படிந்தால் கோபம் மொட்டிலேயே கருகிவிடும். அதனால் விடிந்ததும் என் செம்பருத்தி, இலைகளில் பிடித்துவைத்த பனித்தண்ணீரை என் முகத்தில் உதறும். பாதத்துக்கு மீன் கழுவிய தண்ணீர். உச்சி வெயிலில் என் பக்கமாகச் சாய்ந்து நிழல் கொடுக்கும். போன சித்திரையில் ஊரே துவண்டு கிடந்தபோது நான் ஒரு நாளைக்கு ஏழு கோபம் பூத்தேன். ஒருநாள் ஒரே காம்பில் மூன்று. பால்காரர் மேல் ஒன்று, மின்வாரியத்தின் மேல் ஒன்று, மூன்றாவது யார் மேலும் இல்லை, சும்மா காற்றில். அதன் நிறம்தான் அருமை.

பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் சவேரியான் கொரேரா. சிமெண்டுத் தொட்டியில் கணுக்கால்வரை மண்ணில் நிற்பான். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் இறங்குவான். அவனை வளர்ப்பது காகிதப்பூ. அது தண்ணீரே ஊற்றாது. காயப்போட்டால்தான் நிறையப் பூக்கும் என்பது அதன் கட்சி. காயக் காய அவனும் சிரிக்கிறான். கெக்கெக்கே என்று கொத்துக் கொத்தாக. எனக்கு அது ஒரு பூவாகவே படவில்லை.

ஆள் நன்றாக வந்திருக்கிறான் என்பதற்கு எங்கள் பக்கம் ஒரே அடையாளம்தான். மற்ற வீட்டுச் செடிகள் வந்து குச்சி கேட்க வேண்டும். ஒரு விரலைச் சாய்வாக நறுக்கி, வெட்டுவாயில் சாணி அப்பி, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் மூன்று மாதத்தில் ஆள் துளிர்க்கும். கொடுத்தவனுக்கும் நஷ்டமில்லை, வெட்டிய இடத்தில் இரண்டாக முளைக்கும். கொரேராவின் இடது கையில் மட்டும் இப்போது பதினோரு விரல். தெருவில் பாதி வீட்டில் அவன் சிரிப்புதான்.

எனக்குப் பத்தே விரல். பிறந்தபோது இருந்த அதே பத்து. ஆறு வருஷமாக ஒரு செடி வந்து கேட்டதில்லை. எதிர்வீட்டு இட்லிப்பூ தன் தொட்டியை இழுத்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி கொரேரா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் செம்பருத்தி ஒரு மொட்டை உதிர்த்துவிடும். என்னை யாரும் மதிக்காவிட்டால் போகட்டும். என்னை வளர்த்ததைத் தலைகுனிய வைத்தால் வயிறு எரிகிறது.

மாசி மாதம் கடற்கரைப் பூங்காவில் ஆள் கண்காட்சி. பூங்காவின் பழைய பூவரசுதான் நடுவர். இந்த முறை நான் உச்சத்தில் இருந்தேன். மைக் பிடித்தவர் என் பெயரைத் தவசிமணி என்று வாசித்தார். "தவசிக்கனிவே! கனி! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன். கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சி எனக்கே வாய்த்ததில்லை.

பூவரசு தன் மஞ்சள் பூவைக் கொரேராவின் காலடியில் போட்டது. எனக்கு இரண்டாம் பரிசு.

கொரேரா என்னிடம் வந்தான். "அண்ணாச்சி, இந்த வருசம் நீங்கதான்னு நெனச்சேன்" என்று சொல்லிச் சிரித்தான்.

"சிரிக்காதவே. தெரு முழுக்க உன் சிரிப்புதான். போன மாசம் ஒம்பதாம் நம்பர் வீட்டுல எழவு விழுந்துச்சு. மூணு பேரு கெக்கெக்கேன்னானுவ. ஒருத்தனுக்குக் கோவம் வந்துச்சா? கோவப்பட இந்தத் தெருவுல என்னைய விட்டா ஆளு உண்டா?"

அவன் சிரிப்பை நிறுத்தினான். அவனுக்குப் பின்னால் நின்ற காகிதப்பூவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாசலில் கட்டிலைப் போட்டுக் கண்ணயர்ந்தேன். எழுந்தபோது இடது கைச் சுண்டுவிரல் இல்லை. சாய்வான வெட்டு, சுத்தமான கைவேலை. சாணிகூட அப்பியிருந்தது. மணிக்கட்டில் முள் கீறல். கட்டிலில் ஒரு காகிதப்பூ இதழ், ரோஸ் நிறத்தில்.

பொன்மணி வந்து பார்த்தாள். "கேட்டா குடுத்திருக்க மாட்டமா? இதுக்கு எதுக்குங்க திருட்டு?"

"நீ சும்மா இரு. கேட்டு வாங்குறது மரியாதைக்கு. திருடுறது ஆசைக்கு."

எங்கள் பக்கம் களவு எடுத்த குச்சிதான் சீக்கிரம் வேர் பிடிக்கும். ஆறு வருஷம் கொரேராவை முதல் பரிசு வாங்க வைத்த செடி, சுவரேறி வந்து என்னைத் திருடியிருக்கிறது! அன்று நடு மத்தியானத்தில் என் செம்பருத்தி இருந்த மொட்டையெல்லாம் ஒன்றாக விரித்தது. எண்ணிப் பார்க்க முடியவில்லை, கண் கலங்கிவிட்டது.

வைகாசியில் ஒருநாள் நான் எங்கள் மாடியில் நின்றபோது கொரேரா தன் மாடிச் சுவர் பக்கம் வந்து நின்றான். பாதிச் சிரிப்புதான் இருந்தது.

"அண்ணாச்சி, உங்க குச்சி புடிச்சிருச்சு. சாண் உசரம்தான் இருக்கு. அதுக்குள்ள என்னையக் கூறுகெட்ட மூதிங்கான்."

"தெளிவாச் சொல்லுதானா?"

"தெளிவா சொல்லுதான்."

"அப்பம் வேர் நல்லா எறங்கிட்டு. உன் செடிகிட்டச் சொல்லிவை, இவனைக் காயப்போடக் கூடாது. தெனமும் தண்ணி வேணும்."

அவனுக்குப் பின்னால், தயிர்ச் சட்டி அளவு தொட்டியிலிருந்து, என் குரல் கீச்சென்று வந்தது. "எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். அங்க எவன்வே நாட்டாமை பண்றது?"

நான் பதினோரு விரலையும் சுவரில் ஊன்றி எட்டிப் பார்த்தேன். நல்ல நிமிர்வு. நல்ல நிறம். மூக்கு நுனிவரை சிவந்திருந்தது.

"யாருங்க அது, மாடியில சத்தம் போடுறது?" என்று கீழேயிருந்து பொன்மணி கேட்டாள்.

"நான்தான், வேற யாரு!" என்றோம், இரண்டு பேரும்.