ஏற்றி வைத்த குரல்

ஒலிப்பதிவாளராக வேலை பார்த்த ஸ்டூடியோவில் அவளுக்குப் பச்சைத்தண்ணி என்று பெயர். வைத்தவர் ஒரு விளம்பரக் குரல்காரர். தன் குரலில் கொஞ்சம் கனம் ஏற்றித் தரச் சொல்லி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். "அம்மா தாயே, கீழ்ச் சத்தத்தக் கொஞ்சம் தூக்கி விடுங்க, சிங்கம் மாதிரி இருக்கும்" என்றார். "உங்க தொண்டையில சிங்கம் இருந்தா அதுவே வரும் சார். நடுவுல நான் எதுக்கு வால் ஒட்டணும்?" என்றாள் அவள். அன்றிலிருந்து பச்சைத்தண்ணி. உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது, உள்ளது உள்ளபடிதான்.

அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமில்லை, உள்ளூரப் பெருமைதான். கீழ்ச் சத்தத்தையும் மேல் சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைஸரை ஏற்றி இறக்கி ஹெட்போனில் பாட்டுக் கேட்கிறவர்களைப் பார்த்தால், பாலில் தண்ணீர் ஊற்றுகிறவனைக் கையும் களவுமாகப் பிடித்ததுபோல முறைப்பாள். அவள் வேலை தொடங்கும் விதமும் அப்படித்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும், முன்னால் இருந்தவர் மேலும் கீழுமாக வைத்துவிட்டுப் போன குமிழ்களையெல்லாம் நடுக்கோட்டுக்குக் கொண்டுவருவாள். அதைச் சேமித்த பிறகுதான் பதிவை ஓடவிடுவாள். 'பழைய கையைத் துடைப்பது' என்று அங்கே அதற்குப் பேர். பல் தேய்ப்பதுபோல, யோசித்துச் செய்கிற காரியமில்லை.

கணவன் மர அறுவை மில்லில் வேலை பார்த்தான். வட்ட ரம்பத்துக்குப் பக்கத்திலேயே பாதி ஆயுள் போயிற்று. போதாக்குறைக்கு அவன் சொல்லும் ஜோக்குகளும் அந்த ரகம்தான். "மில்லுல அறுத்தது பத்தாம வீட்டுலயும் அறுக்கறீங்களே" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அந்த ஜோக்குகளுக்கு உலகத்தில் ஒரே ஒரு ரசிகைதான் இருந்தாள். அவர்கள் மகள், சிட்டு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்து போய்விட்டாள். இரண்டு வருஷம் ஆகிறது.

போனில் எடுத்த வீடியோக்கள் இருந்தன. எல்லாவற்றிலும் காற்றிரைச்சல், பக்கத்து வீட்டு டிவி, அல்லது இவர்களே குறுக்கே பேசும் பேச்சு. குழந்தையின் குரல் சுத்தமாக இருந்தது ஒரே ஒரு பதிவில்தான். ஸ்டூடியோவுக்கு வாங்கிய புது மைக்கைச் சோதித்துப் பார்க்க அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். சிட்டு அதன் முன்னால் நின்று, கூடத்தில் இருந்த அப்பாவுக்கும் கேட்கும்படி கத்தினாள்: "எங்க அப்பாவுக்கு மில்லுல எதுக்கு ரம்பம்? அவர் வாயே போதுமே!" பிறகு ஒரு சிரிப்பு. அதன்பின் மைக்கில் வாயை ஒட்டவைத்து, அம்மாவுக்கு மட்டும் கிசுகிசுவென்று ஒரு ரகசியம். "சொல்லிடாத" என்று முடியும். அவளும் சொல்லவில்லை. பதிவிலேயே இருக்கிறதே, அவனே கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

அங்கேதான் அவளுக்கு அவன்மேல் ஆறாத கோபம். குழந்தை போன பிறகு இருவரும் சேர்ந்து அந்தப் பதிவைக் கேட்க உட்கார்ந்தார்கள். சிரிப்பு முடிந்ததும் அவன், "அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். ரகசியம் அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும் அப்படித்தான். பெற்ற பெண் ரகசியம் பேசும்போது எழுந்து போகிறவன் மனுஷனா, மரமா? மரத்தை அறுத்து அறுத்து மரமாகவே ஆகிவிட்டான் என்று முடிவு கட்டினாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள்போல இருந்தார்கள்.

கொஞ்ச நாளாக அவனுக்குப் புதுப் பழக்கம். பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கி வந்தான். மில்லிலிருந்து வந்ததும் அதை மாட்டிக்கொண்டு, போனில் ஈக்வலைஸர் ஆப்பைத் திறந்து, சிட்டுவின் குரலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ குரலுக்கு எதுக்குங்க மேக்கப்?" என்றாள்.

"கண்ணாடி போட்டுப் படிச்சா எழுத்து பொய்யாயிடுமா?"

"கண்ணாடி உங்க மூக்குமேல இருக்கும். நீங்க எழுத்தையே இல்ல திருத்தறீங்க!"

அவன் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டான். அன்றைக்கும் அவள்தான் ஜெயித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் குளிக்கப் போயிருந்தான். சாப்பாட்டு மேஜைமேல் போனும் ஹெட்போனும் கிடந்தன. பதிவு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல ஒரு சத்தம். இரைச்சலுக்கு நடுவில் சிட்டு ஒரு கிளிப்பிள்ளைபோலக் கீச்சிட்டாள். இதுவா என் பெண்? திரையில் கீழ்ச் சத்தத்துக்கான இடது பக்கக் குமிழ்கள் பாதாளத்தில் கிடந்தன, மேல் சத்தத்துக்கான வலது பக்கக் குமிழ்கள் உச்சாணிக்கொம்பில் ஏறி நின்றன. கை தானாகப் போயிற்று. எல்லாவற்றையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தாள். சேமிக்கவா என்று கேட்டது. கட்டைவிரல், ஸ்டூடியோவில் செய்வதைப்போலவே, ஆமாம் என்று அழுத்தியது. சிட்டு சிட்டுவாகப் பேசினாள்.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். ஹெட்போனை மாட்டினான். கொஞ்ச நேரம் கேட்டான். துண்டு தோளிலிருந்து நழுவி விழுந்தது, அவன் எடுக்கவில்லை.

"என்ன பண்ணின?"

"உங்க அலங்கோலத்தத் துடைச்சேன். இப்பதான் அது அவ குரல்."

"அந்த ரகசியம் போயிடுச்சு."

"எங்கயும் போகல. அதுலயேதான் இருக்கு. நல்லாக் கேளுங்க."

"உனக்கு இருக்கு. எனக்கு இல்ல."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "ரம்பச் சத்தத்துல, கீச்சுனு வர்ற மேல் சத்தமெல்லாம் எனக்குக் கேக்காமப் போயிடுச்சு. காது டாக்டரப் பாத்தேன். இன்னும் போகுமாம். மெஷின் வெச்சுக்கிட்டா பேச்சு கேக்கும், கிசுகிசுக்கெல்லாம் உத்தரவாதம் இல்லன்னுட்டாரு."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீ காதால பொழைக்கறவ. உங்கிட்ட வந்து எனக்குக் காது போச்சுன்னு எந்த வாயால சொல்றது?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். 'அவ்ளோதான்' என்று அவன் எழுந்து போனது ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. அவனுக்கு நிஜமாகவே அவ்வளவுதான் கேட்டிருக்கிறது. அதன் பிறகு வெறும் மௌனம். பதிவு முடிந்துவிட்டது என்று எழுந்தவனை அவள் இரண்டு வருஷம் மனசுக்குள் சபித்திருக்கிறாள். தன் காதைத்தான் ஊர்க் காது என்று நினைத்தாள்.

"அப்படி ஒண்ணு இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"ஒரு நாள் கை தவறி அந்தக் கடைசிக் குமிழ் மேல போயிடுச்சு. சிரிச்சு முடிச்சப்புறம் என்னவோ உரசற சத்தம். எலி மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாத்தா அது சிட்டு. 'அப்பா ஜோக்குக்கு எனக்குச் சிரிப்பே வராது'ங்கறா." அவன் நிறுத்தினான். "அது வரைக்கும்தான் கிடைச்சுது. அதுக்கப்புறமும் ஏதோ சொல்றா. பிடிபடல. இன்னிக்கு ரொம்பப் பக்கத்துல வந்துட்டேன். எந்தக் குமிழ் எங்க இருந்துச்சுன்னு பாத்து வெக்கல. காதுக்குத் தோணினபடி வெச்சதுதான்."

அந்தப் பாதியை வைத்துக்கொண்டா இத்தனை நாள் இருந்தான்? தன் ஒரே ரசிகையும் பொய்க்குத்தான் சிரித்தாள் என்ற நினைப்போடு மில்லுக்குப் போய் வந்தானா? "மீதிய நான் சொல்றேங்க. அவ என்ன சொன்னான்னா..."

அவன் கையை உயர்த்தித் தடுத்தான். "வேணாம். நீ சொன்னா எனக்காகச் சொல்ற மாதிரி இருக்கும். நல்லதோ கெட்டதோ, அவளே சொல்லட்டும்."

அவள் எழுந்து போய்த் தன் வேலைப் பையிலிருந்து ஒரு ஹெட்போனையும், ஒரே சத்தத்தை இரண்டு ஹெட்போனுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒயரையும் கொண்டுவந்தாள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ரகசியம் தொடங்கும் இடத்தில் வைத்து ஓடவிட்டாள்.

"இப்போ?"

இல்லை என்று தலையாட்டினான்.

கீழ்ச் சத்தத்தை வெட்டினாள். சிட்டுவின் குரலில் இருந்த கதகதப்பு போயிற்று. அடுத்ததை இறக்கினாள். நெஞ்சு போயிற்று. வலது பக்கத்தை ஒவ்வொன்றாக ஏற்றினாள். எந்தக் குரலில் ஒரு துளி கலப்பதற்கும் வாழ்நாளெல்லாம் மாட்டேன் என்றாளோ, அந்தக் கையாலேயே தன் பெண்ணின் குரலைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். காது கூசியது, பல் கூசியது. ஹெட்போனைக் கழற்றிவிடலாம், கழற்றவில்லை. அவன் காதுக்குள் என்ன போகிறது என்று தெரியாமல் எப்படி ஏற்றுவது?

"இப்போ?"

"சிரிப்பே வராதுங்கறா. அது வந்துடுச்சு."

"சரி. இருங்க."

இன்னும் ஏற்றினாள். கடைசிக் குமிழ் உச்சிக்குப் போய் நின்றது. அதற்குப் பக்கத்துக் குமிழும். அவள் காதில் இப்போது குழந்தையே இல்லை, தகரம்தான். மறுபடி ஓடவிட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்தினான்.

'அப்பா ஜோக்குக்கு எனக்குச் சிரிப்பே வராதும்மா. ஜோக்கு சொல்லிட்டு அப்பா பாப்பாரு பாரு, அந்த மூஞ்சியப் பாத்தாதான் எனக்குச் சிரிப்பு வரும். சொல்லிடாத.'

அவன் கண்ணைத் திறந்தான். ஜோக் சொல்லிவிட்டு, சிரித்தார்களா இல்லையா என்று புருவத்தைத் தூக்கி ஆளாளாகப் பார்ப்பானே, அதே மூஞ்சி. இரண்டு வருஷமாக அவள் பார்க்காத மூஞ்சி. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கத் தொடங்கியவளுக்கு அதை அழுகையாகாமல் பிடித்து நிறுத்தத் தெரியவில்லை. அவனும் மேஜைமேல் கவிழ்ந்து தேம்பினான். சிட்டு திரும்பத் திரும்ப இரண்டு பேர் காதிலும் 'சொல்லிடாத' என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "டாக்டர் இன்னும் போகும்னாரே. அப்ப இன்னும் ஏத்தணும் இல்ல? மேல இடம் இருக்கா?"

அவள் திரையைப் பார்த்தாள். குமிழ்கள் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றன. அதற்குமேல் ஒரு மயிரிழைகூட இல்லை.

பதிவைப் பற்றியோ சத்தத்தைப் பற்றியோ அவள் யாரிடமும் பொய் சொன்னதில்லை. சேமித்துவிட்டு, அவன் எட்டிப் பார்ப்பதற்குள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நிறைய இருக்குங்க," என்றாள், அவன் காதுக்கு எட்டும்படி உரக்க. "இப்பதான் பாதிக்கு வந்திருக்கோம்."