நீலம் எதுவரை போனது

நீஷ் நகரப் பல் மருத்துவக் கல்லூரியில் ரத்மிலாவின் ஆய்வேடு பேராசிரியர் ப்ளகோயேயின் கையெழுத்துக்காகக் கிடந்தது. கிடைத்தால் சொந்த ஊர் மருத்துவமனையில் வேலை. இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் இங்கேயே.

சிக்கல் இதுதான். பிடுங்கிய பற்களில் குழி தோண்டி, சிலவற்றை அவருக்குப் பிடித்த கெட்டிச் சிமெண்டாலும், மற்றவற்றை ஜன்னல் கண்ணாடிக்கு அப்பும் 'புட்டி' என்று அவர் ஏளனம் செய்யும் மெத்தென்ற பசையாலும் தற்காலிகமாக அடைத்திருந்தாள். சாயம் வேறு வழியாக நுழையாதபடி, அடைப்பை மட்டும் விட்டுவிட்டுப் பல் முழுக்க நகப்பூச்சு பூசி, நீலச் சாயத்தில் ஊறப்போட்டு, அறுத்துப் பார்த்தாள். பசையிடம் சாயம் வாசலோடு நின்றுவிட்டது. சிமெண்டிலோ ஓரமாக நுழைந்து அடிவரை நீலம்.

"நகப்பூச்சு பூசத் தெரியலைன்னு சொல்லு. சிமெண்டு மேல பழி போடாத" என்றார் பேராசிரியர். கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் கெஞ்சிப் பார்க்க வந்தாள். வெறுங்கையோடு எப்படி வருவது? அம்மா செய்த புளிச்செர்ரிப் பாகைக் கொண்டுவந்தாள். அந்த ஊர் உபசாரம் அது: ஒரு கரண்டி பாகு, பின்னாலேயே ஒரு கிளாஸ் குளிர்ந்த தண்ணீர். மறுத்தால் அந்த வீட்டையே மறுத்ததாகும். ப்ளகோயே கரண்டியை வலக்கடைவாய்க்குள் ஜாக்கிரதையாக நுழைத்தார். தலையையும் வலப்பக்கம் சாய்த்துத் தண்ணீரைக் குடித்தார். தண்ணீருக்கு இடம் வலம் தெரியுமா என்ன? இடக்கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் கவிழ்ந்தார்.

விசாரித்ததில் விஷயம் மெல்ல வெளியே வந்தது. ஈஸ்டருக்கு முன் கண்ணாடி பார்த்துத் தானே அடைத்துக்கொண்ட சிமெண்டு. சில வாரம் தாங்க வேண்டியது. இப்போது ஆறு மாதம் ஓடி, திராட்சை அறுவடையே முடிந்துவிட்டது. ஆயுள் முழுக்க ஊரார் பல்லைத் துளைத்தவருக்கு, அந்தச் சத்தம் தன் வாய்க்குள் கேட்பதை நினைத்தாலே பயமாம்.

"கதவைச் சாத்து, பொண்ணே. யார்கிட்டயும் மூச்சு விடாத."

ரத்மிலா அவரைச் சிகிச்சை நாற்காலியில் படுக்கவைத்து, மரக்க ஊசி போட்டுத் தோண்டினாள். சிமெண்டு கல்லுப்போல்தான் இருந்தது. அதன் ஓரத்திலும் அடியிலும் பல்தான் சொத்தை. வேருக்கு மருந்து வைத்தாள். அடுத்த வாரம் மறுபடி திறக்க வேண்டும். அதுவரை மூட வேண்டுமே. சிமெண்டு டப்பா, பசை டப்பா இரண்டையும் அவர் கண்முன் பிடித்தாள்.

"எதை வெச்சு மூடட்டும், புரொபசர்?"

வாய் பிளந்திருந்தது, பதில் சொல்ல வழியில்லை. சிமெண்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அவர் விரல் மெல்ல எழுந்து பசை டப்பாவைத் தொட்டது.

"புட்டியா?"

விரல் நகரவில்லை.

அடைத்து முடித்ததும் ஆய்வேட்டை அவர் மார்பின்மேல் வைத்தாள். படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். கோணிய வாயால், பாகு நன்றாக இருந்ததென்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார்.