தோளில் வைத்த முழங்கால்

நம்முடைய ஆட்கள் ஒரு விளையாட்டுக் கழகம் தொடங்கினால் முதலில் பந்து வாங்க மாட்டார்கள். தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், போசகர் என்று ஆட்களைத் தெரிவார்கள். பந்து பிறகு வரும், சில வேளை வராமலும் போகும். வெக்ஸ்போர்ட் கழகத்துக்கு மட்டும் பந்து முதலில் வந்துவிட்டது. அதுவும் உருண்டைப் பந்து அல்ல, முட்டை மாதிரி நீண்ட பந்து. அதைக் கொண்டுவந்தவன் கொலின் என்ற அவுஸ்திரேலியன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலையாட்களை மேய்க்கிற போர்மன். வேலைக்கு வந்த தமிழ்ப் பெடியளைப் பிடித்து, தன் நாட்டு விளையாட்டை இரண்டு கோடைகாலம் பழக்கி, நகரத்தில் அவுஸ்திரேலியர்கள் நடத்திய சின்ன லீக் ஒன்றிலும் சேர்த்துவிட்டான்.

விளையாட்டு விளங்காத விளையாட்டு அல்ல. பந்தை உதைக்கலாம், கையால் குத்தலாம், தூக்கிக்கொண்டு ஓடலாம். உதைத்த பந்தை நிலத்தில் விழவிடாமல் பிடித்தால் அதற்கு மார்க் என்று பெயர். பிடித்தவன் ஆறுதலாக நின்று கோலுக்கு உதைக்கலாம், ஒருவரும் அவனைத் தொடக்கூடாது. அப்படிப் பிடிப்பதற்காக முன்னால் நிற்பவனின் முதுகிலோ தோளிலோ முழங்காலை ஊன்றி மேலே எம்பலாம். சட்டம் அதை விடுகிறது. விடுகிறது என்ன, அப்படி ஒருவன் எம்பிப் பிடித்தால் அவுஸ்திரேலியர்கள் எழும்பி நின்று கை தட்டுவார்கள். ஆட்டத்தின் அழகே அதுதான் என்று கொலின் சொல்லிக்கொண்டு திரிவான்.

அந்தப் பெடியளில் வீரக்குட்டிக்கு அது தானாக வந்தது. மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் கோல்காப்பாளனாக நின்றவன். பந்து வானத்தில் இருந்தால் அவனுக்கு வேறொன்றும் கண்ணில் படாது. ரொறன்ரோவுக்கு வந்து மூன்று வருடமாக ஒரு ஹோட்டலின் பின்கட்டில் சட்டிபானை கழுவுகிறான். இங்கிலீஸ் போதாது, வேகம் போதாது, அனுபவம் போதாது என்று போன இடமெல்லாம் அவனுக்கு ஒரு போதாது கிடைத்தது. போதும் என்று ஒருவன் சொன்னது அந்த மைதானத்தில்தான். சொன்னவன் கொலின். அவனும் போன பனிக்காலத்தோடு வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டான்.

போனவன் பந்தையும் கழகத்தையும் விட்டுவிட்டுப் போனான். உடனே கொமிற்றி முளைத்தது.

தலைவர் சிவபாதம் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் பெரிய கல்லூரி ஒன்றில் கணக்குப் படிப்பித்தவர், படிக்கிற காலத்தில் அதே கல்லூரியின் உதைபந்தாட்டக் கப்டனாகவும் இருந்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு முன்னமே கனடா வந்து, இன்சூரன்ஸ் வேலை பார்த்து, பிக்கரிங்கில் வீடும் வாங்கிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, ஆட்களுக்கு உதவி செய்கிற மனிசன். வீரக்குட்டியும் அவன் அக்கா கோணேஸ்வரியும் சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கிற அப்பாட்மென்ற் அவர் பிணை நின்றதால்தான் கிடைத்தது. ஆனால் செய்த உதவியை அவர் மறப்பதும் இல்லை, மற்றவர்களை மறக்க விடுவதும் இல்லை.

எண்பத்தொன்பதாம் ஆண்டு சித்திரை மாதம், புதுப் பருவத்துக்கு ஆட்களைத் தெரிவுசெய்ய ஒரு ஞாயிறு வைத்தார்கள். வெக்ஸ்போர்ட் பார்க்கில் ஓரத்து அழுக்குப் பனி இன்னும் முழுக்கக் கரையவில்லை. கொமிற்றி மடக்குக் கதிரைகளைப் போட்டு, பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு இருந்தது. கொலின் இருந்த காலத்தில் தெரிவு என்றால் பந்தை மேலே உதைத்துவிட்டு யார் பிடிக்கிறான் என்று பார்ப்பான், அவ்வளவுதான். மாஸ்டரின் தெரிவு வேறு மாதிரி. ஒருவன் ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றால் முதல் கேள்வி, "எந்தப் பள்ளிக்கூடம்?"

அன்புராசா முயல் மாதிரி ஓடினான். அவன் சொன்ன பள்ளிக்கூடம் மாஸ்டரின் கல்லூரிக்குப் பரம வைரி. "ஓட்டம் இருக்கு, ஒழுங்கு காணாது" என்றார் மாஸ்டர். எட்வேட் உதைத்த பந்து மூன்று தரம் வேலிக்கு அங்கால் போய் விழுந்தது. ஆனால் அவன் தகப்பன் மாஸ்டரோடு ஒன்றாகப் படித்தவர். "கால் நல்ல கால், போகப் போகச் சரிவரும்." கலியாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தது போலத்தான் இருந்தது, சாதகம் மட்டும்தான் கேட்கவில்லை.

வீரக்குட்டி பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னபோது மாஸ்டர், "அது எங்க கிடக்கு?" என்று கேட்டார். கதிரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் பொறுத்துக்கொண்டான்.

கடைசியாக இரண்டு பக்கம் பிரித்து ஒரு ஆட்டம் வைத்தார்கள். மாஸ்டரும் இறங்கினார். வயது நாற்பத்தைந்து. தெரிவுசெய்கிறவரே தன்னையும் தெரிவுசெய்து கப்டனாகவும் போட்டுக்கொண்டால் யார் என்ன கேட்பது? உபகப்டன் கஸ்பர் தூரத்தில் இருந்து உதைத்த பந்து நெடுப்பமாக எழும்பி வந்தது. அதற்குக் கீழே மாஸ்டர் கையை விரித்துக்கொண்டு நின்றார். பின்னால் இருந்து வீரக்குட்டி ஓடி வந்தான். யாருடைய முதுகு என்று அவன் பார்க்கவில்லை. எம்பினான், முழங்கால் ஒரு தோளில் ஊன்றியது, உடம்பு இன்னும் ஒரு முழம் மேலே போனது, பந்து இரண்டு கையிலும் வந்து ஒட்டியது.

"மார்க்!" என்று கஸ்பர் கத்தினான். மன்னார் ஊர்க்காரன், தொண்டை பெரிசு. பார்க் முழுக்கக் கேட்டது.

அவன் மட்டும்தான் கத்தினான். மாஸ்டர் சேற்றில் முழங்காலில் இருந்தார். தொப்பி ஒரு பக்கம் கிடந்தது. கொமிற்றி கதிரையை விட்டு எழும்பிவிட்டது, கை தட்டுவதற்கு அல்ல.

"ஆரின்ரை தோளிலை காலை வைச்சனி?" என்றார் மாஸ்டர். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மாஸ்டர், மார்க் பிடிக்கத்தானே..."

"நான் கேட்டது அதில்லை. உன்ரை தேப்பன்ரை தோளிலை இப்பிடி ஏறுவியோ?"

"விளையாட்டில ஏறத்தான் வேணும் மாஸ்டர். கொலின் அப்பிடித்தான் பழக்கினவன்."

"கொலின் வெள்ளைக்காரன். அவனுக்கு மூத்தவன் இளையவன் இல்லை. எங்களுக்கெண்டு ஒரு முறை இருக்குத் தம்பி. உங்கடை பக்கத்திலை உது பழக்கேல்லைப் போலை."

உங்கட பக்கம். மட்டக்களப்பில் மரியாதை தெரியாதவர்களா இருக்கிறார்கள்? வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று வீரக்குட்டி பந்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஓரத்தில் நின்றான்.

அடுத்த கிழமை முடிவு வந்தது. கஸ்பர் சென் ஜேம்ஸ் ரவுணுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னான். "ஆட்டம் நல்லது, பணிவு காணாது எண்டு முடிவெடுத்திருக்கினம். எல்லாற்றை முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டால் ரீமிலை போடுவினமாம்."

"நீங்களும் அதில இருந்தீங்கதானே அண்ணன்?"

"நான் கத்தினனான்டா. இவனை விட்டா மேலை போய்ப் பிடிக்க ஆர் இருக்கினம் எண்டு கேட்டனான். ஒருத்தரும் காதிலை போடேல்லை."

கஸ்பர் போன பிறகு வீரக்குட்டி வீட்டுக்குள் குறுக்கும் மறுக்கும் நடந்தான். சட்டப்படி பிடித்த பந்துக்கு மன்னிப்பா? திருடினேனா, பொய் சொன்னேனா? கோணேஸ்வரி மரக்கறி வெட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சொல்லுத்தானே தம்பி. சொல்லிற்று விளையாடன். அந்த மனிசன் இல்லாட்டி நமக்கு இந்த வீடு ஏது?"

"வீட்டுக்கு நன்றி சொல்லச் சொல்லு அக்கா, நூறு தரம் சொல்றன். இதுக்கு ஏன் சொல்லணும்?"

"அப்ப விளையாட்ட விட்டிரு."

அதை மட்டும் விட முடியாது. கிழமை முழுக்கச் சட்டி கழுவுகிறவன் அந்த ஒரு பின்னேரத்துக்காகத்தான் கிழமையைத் தள்ளுகிறான். அது அக்காவுக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த இடத்தில் பிடித்து நசிக்கிறார்.

கேட்டான். அடுத்த பயிற்சியில், எல்லோரும் வட்டமாக நிற்க, பல்லைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்க மாஸ்டர், இனிமேல் உங்கட தோளில கால் வைக்க மாட்டன்" என்றான். மாஸ்டர் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். அவன் முதுகிலும் தட்டினார்.

"சரி சரி, நான் மனசிலை வைக்கேல்லை. ஆனாத் தம்பி, முதல் மட்சுகளுக்கு நீ ரிசேவிலை நில். கொஞ்சம் பாடமா இருக்கும்."

மன்னிப்பும் கேட்டு இடமும் போனது! அன்றைக்கு அவன் வீட்டுக்கு பஸ் எடுக்காமல் நடந்தே போனான். வழி நெடுகத் தன்னைத்தானே திட்டினான். மாஸ்டரைத் திட்டியது அதிலும் அதிகம்.

முதல் ஆட்டம் ஜூனில் வந்தது. எதிரணி முழுக்க வெள்ளையர், பாதிப்பேர் அசல் அவுஸ்திரேலியர். மழை பெய்து நிலம் சகதியாக இருந்தது. வீரக்குட்டி ஓரத்தில் ரிசேவ் ஆட்கள் குந்தும் மரவாங்கில் கழகச் சட்டையோடு இருந்தான். உயரத்தில் வந்த ஒவ்வொரு பந்தையும் எதிரணி பிடித்தது. எட்வேட்டின் நல்ல கால் பந்தை ரோட்டுக்கு அனுப்பியது. கஸ்பர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனான்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது. கோலடியில் மாஸ்டர் பந்துக்குக் கையை விரித்து நின்றார். செம்பட்டைத் தலையன் ஒருவன் பின்னால் வந்து அவர் தோளில் முழங்காலை ஊன்றினான். ஊன்றியது போதாமல் மற்றக் காலின் பூட்சால் முதுகையும் உழக்கிக்கொண்டு ஏறி, பந்தைப் பிடித்தான். மாஸ்டர் முகம்குப்புற விழுந்தார்.

வீரக்குட்டி வாங்கை விட்டு எழும்பிவிட்டான். இப்போது கேட்பார், இவனிடமும் கேட்பார் என்று பார்த்தான்.

மாஸ்டர் எழும்பினார். முகத்துச் சேற்றை வழித்தார். சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு செம்பட்டைத் தலையனிடம் கையை நீட்டி, "வெல் டண்! வெல் டண்!" என்றார். ஓரத்தில் கொமிற்றியும் கை தட்டியது. "என்ன எழும்பல் பாத்தியளே" என்று பொருளாளர் வியந்தார்.

வட்டத்துக்கு நடுவில் நின்று தான் சொன்ன அந்த மன்னிப்பு, ஒவ்வொரு சொல்லாக வீரக்குட்டியின் காதில் திரும்பக் கேட்டது. முறை என்றாரே, மூத்தவன் இளையவன் என்றாரே, செம்பட்டைத் தலையனுக்கு இருபது வயதுகூட இராது. அப்படியென்றால் கால் அல்ல குற்றம். யாருடைய கால் என்பதுதான் குற்றம்.

இடைவேளையில் எதிரணிக் கப்டன் இந்தப் பக்கம் வந்தான். அவர்களில் ஒருவனுக்குக் கால் பிரண்டுவிட்டது, மேலதிகமாக ஆள் இல்லை. அந்தச் சின்ன லீக்கில் ஆள் குறைந்த அணிக்கு மற்ற அணி ஒருவரைக் கடன் கொடுப்பது வழக்கம். வெள்ளைக்காரன் வந்து கேட்டதும் மாஸ்டருக்கு விருந்தோம்பல் பொங்கியது. "ஷுவர், ஷுவர்" என்று சொல்லி, திரும்பியும் பாராமல் வாங்கைக் காட்டினார். வாங்கில் வீரக்குட்டிதான் இருந்தான்.

அவன் வெக்ஸ்போர்ட் சட்டையைக் கழற்றி வாங்கில் போட்டான். எதிரணி எறிந்த அவர்களின் மஞ்சள் சட்டையை மாட்டினான்.

"டேய், வேண்டாமடா" என்று கஸ்பர் மெதுவாகச் சொன்னான்.

ஆட்டம் தொடங்கிக் கனநேரம் போகவில்லை. செம்பட்டைத் தலையன் உதைத்த பந்து வானத்துக்கு எழும்பியது. கீழே மாஸ்டர் நின்றார். இந்த முறை வீரக்குட்டி முதுகைப் பார்த்தான். யாருடைய முதுகு என்று நன்றாகத் தெரிந்துகொண்டே ஓடினான், எம்பினான், அதே தோளில் முழங்காலை ஊன்றினான். பந்து கையில் விழுந்த சத்தம் ஓரம்வரை கேட்டது.

மாஸ்டர் சேற்றில் இருந்து எழும்பினார். கண்ணுக்குள் சேறு, மஞ்சள் சட்டை மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். அதே சிரிப்போடு கையை நீட்டி, "வெல்..." என்று தொடங்கியவர் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கை பின்னால் போகத் தொடங்கியது.

வீரக்குட்டி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தக் கையை எட்டிப் பிடித்தான்.

"சொல்லி முடியுங்க மாஸ்டர்."

"கையை விடு."

"அவனுக்குச் சொன்னீங்கதானே. நானும் அதத்தான் செய்தன். சொல்லுங்க."

நடுவர் விசிலை ஊதினார். செம்பட்டைத் தலையன் ஒன்றும் விளங்காமல், நல்ல பிடி என்று பின்னால் வந்து வீரக்குட்டியின் தலையைத் தடவினான். மாஸ்டர் கொமிற்றியைப் பார்த்தார். கொமிற்றி தேத்தண்ணிக் கோப்பைகளுக்குள் பார்த்தது. மாஸ்டரின் வாய் திறக்கவே இல்லை.

வீரக்குட்டி கையை விட்டான். சட்டப்படி, அவன் மார்க் பிடித்த இடத்திலேயே மாஸ்டர் நிற்க வேண்டும், அவன் பின்னால் போய் அவருக்கு மேலால் உதைக்க வேண்டும். அப்படியே உதைத்தான். பந்து அவர் தலைக்கு மேலால் போய் இரண்டு பெரிய கோல் கம்பத்துக்கும் நடுவால் விழுந்தது. சொந்தக் கழகத்துக்கு எதிராக அடித்த கோல். மஞ்சள் சட்டைகள் வந்து அவனைத் தூக்கினார்கள். அவனுக்குத் துளியும் சந்தோசம் வரவில்லை, கோபமும் குறையவில்லை. அடுத்த ஞாயிறும் வருவாயா என்று அவர்களின் கப்டன் கேட்டான். வீரக்குட்டி திரும்பி வெக்ஸ்போர்ட் வாங்கைப் பார்த்தான். அவன் கழற்றிப் போட்ட சட்டையை உபசெயலாளர் ஏற்கெனவே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாறன்" என்றான்.