சாம்பல் நிற இயர்போன்

சோதிலிங்கத்தின் இடது காது, வலது காதுக்கு முன்பே கிழமாகிவிட்டது. இருபது வருடம் ட்ரம்ஸ் அடித்தவனுக்கு அது நடக்கக்கூடியதுதான். காலால் மிதித்து மூடித் திறக்கிற ஜோடித் தட்டு இடப்பக்கம் நிற்கும். நிமிடத்துக்கு நூறு தரம் அது கத்தும். ஆசுபத்திரி டாக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

போன சத்தங்களின் இடத்தில் ஒரு மெல்லிய இரைச்சல் வந்து குடியிருந்தது. கண்டியில் இதனால் ஒரு கரைச்சல் உண்டு. மழை எப்போதும் பெய்கிற ஊரில், பெய்வது வெளியிலா காதுக்குள்ளா என்று பார்க்க அவன் அடிக்கடி யன்னலுக்குப் போகவேண்டியிருந்தது. சில நாள் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், அவனுக்கு மட்டும் மழை பெய்யும். அவன் அதைக் கேட்டபடி நிற்பான்.

பேண்டில் நிலைமை இவ்வளவு சுகமாயில்லை. பாடுகிறவளின் குரல் கேட்காததால் பலமாக அடித்தான். பலமாக அடித்ததால் இன்னும் கேட்காமல் போனது. அவள் ஒரு வரியை இழுத்து நிறுத்தும்போது இவன் முந்திப்போய் அடுத்த வரியின் வாசலில் நிற்பான். பேண்ட் தலைவர் நல்ல மனிதர், எல்லாரும் அவரை லீடர் என்றே கூப்பிடுவார்கள். அவர் தேநீர் வாங்கிக்கொடுத்து, முதுகில் தட்டி, மூன்று கிழமை தவணை கொடுத்தார். மார்கழிக் கடைசியில் வாவிக்கரை ஹோட்டலில் ஒரு பெரிய கல்யாணம். அதிலும் தாளம் இப்படி ஓடினால், கட்டுகஸ்தோட்டையில் வேறொரு பையன் தயாராக இருக்கிறான் என்றார்.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அம்மாவும் தங்கச்சியும் அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம், கண்டி கட்டுகலையில் ஒரு மேல்மாடி அறையில். வடக்குத் தமிழன் என்று பொலிஸில் பதிவதற்கும் வீட்டுக்காரருக்குக் காட்டுவதற்கும், இவர் எங்கள் பேண்டில் வேலை செய்கிறார் என்று லீடர் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். பேண்ட் போனால் கடிதம் போகும், கடிதம் போனால் அறை போகும், அறை போனால் கண்டி போகும். அதற்குப் பிறகு எங்கே போவது என்று யோசிக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

ஆகவே இயர்போன் வாங்கப் போனான்.

கண்டி நகரில் கொழும்பு வீதிக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ஹபீலின் கடை. ஹபீல் அலவத்துகொடை முஸ்லிம். பகலில் ரேடியோ, டி.வி. பழுதுபார்ப்பான். கல்யாணங்களுக்கு மைக்கும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விட்டு, மிக்சரின் முன்னால் தானே உட்காருவான். இவர்கள் பேண்டுக்கும் அவன்தான் சவுண்ட். வெளிநாட்டு இசைக்காரர்கள் காதுக்குள் மாட்டிக்கொண்டு தங்கள் பாட்டைக் கேட்கிற சாமானின் விலையை அவன் சொன்னபோது சோதிலிங்கத்துக்கு இரண்டு காதும் ஒன்றாக அடைத்தன. அந்த விலைக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம்.

சீனச் சாமான் ஒரு பெட்டி நிறைய இருந்தது. தேடினால் அதற்குள் ஒன்று அகப்படும் என்றான் ஹபீல். எப்படித் தெரிந்தெடுப்பது என்பதைச் சோதிலிங்கம் வீட்டிலேயே யோசித்து, பைக்குள் இரண்டு ட்ரம் தடிகளைக் கொண்டு வந்திருந்தான். அவன் ஒவ்வொரு இயர்போனாக மாட்டிக்கொண்டு பாட்டைக் கேட்பான். ஹபீல் அவன் இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு பால்மா டின்னைப் பிடித்துத் தடியால் அடிக்கவேண்டும். டின் கேட்காமல் பாட்டுக் கேட்கவேண்டும், பாட்டையும் சத்தமாக வைக்கக்கூடாது. ஒழுங்கையில் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். வயர் மாட்டிய தமிழன், அவன் காதடியில் டின் அடிக்கிற சோனகன் என்ற காட்சியைப் பார்த்து ஒரு கான்ஸ்டபிள்கூட நின்றான். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றைத் தானும் மாட்டிப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு போனான்.

காது வாசலில் சும்மா தொங்குகிற முதல் சாதி, தலையை ஆட்டியதும் விழுந்தது. தலைக்கு மேலால் மாட்டுகிற பெரியது ஆளை விமானமோட்டி ஆக்கியது. கல்யாண வீட்டில் அதற்கு லீடர் சம்மதிக்கமாட்டார். மூன்றாவதில் அடிச்சத்தம் தூக்கலாக இருந்தது, கேட்க இன்பமாகவும் இருந்தது. ஆனால் அதன் கீழே குரல் அமுங்கிப்போனது. அடிக்கிற ஆளுக்குத் தன் அடி ஏற்கெனவே உடம்பால் தெரியும், வேண்டியது மற்றவர்களின் சத்தம் என்று அவன் ஹபீலுக்கு விளக்கினான். பெட்டியின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒன்று கிடந்தது. மூன்று அளவு றப்பர் தொப்பிகள் அதனுடன் இருந்தன. இடது காதுக்குப் பெரியதும் வலதுக்கு நடுத்தரமும் சரியாகப் பொருந்தின. வயரைக் காதுக்கு மேலால் சுற்றிப் பின்பக்கம் விட்டால் தடியில் மாட்டாது.

ஹபீல் டின்னை அடித்தான். அவன் கை மேலும் கீழும் போய்வந்தது, சத்தம் எங்கோ பக்கத்து ஊரில் கேட்டது. ஒழுங்கை, ஆட்கள், முச்சக்கரவண்டிகள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. பாட்டு மட்டும் தலையின் நடுவில் நின்றது. சத்தத்தைப் பாதியாகக் குறைத்த பிறகும் அப்படியே நின்றது. பத்து வருடத்துக்குப் பிறகு, ஒரு பாடகி மூச்சு எடுப்பது அவனுக்குக் கேட்டது.

ஒத்திகையில் ஹபீல் மிக்சரிலிருந்து ஒரு நீள வயரை ட்ரம்ஸ் பக்கத்துக்கு இழுத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி வைத்த ஒரு சின்னப் பெட்டியில் முடித்தான். பாட்டு, கிட்டார், பேஸ் மூன்றையும் அதற்கு அனுப்பினான். மண்டபத்துக்குப் போகும் சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த வயரில் போவது மாறாது, மைக் கொளுவியிருக்கும்வரை வந்துகொண்டேயிருக்கும் என்று சொல்லிவைத்தான்.

பாடுகிறவள் நில்மினி. இரண்டு வருடமாக அவர்களோடு பாடுகிறாள். ஊர் தெல்தெனியப் பக்கம் ஒரு சிங்களக் கிராமம் என்று சொல்லியிருந்தாள். பேண்டின் வேனில் ஒருநாளும் ஏறமாட்டாள், பஸ்ஸில்தான் வருவாள். சிங்களப் பாட்டும் ஹிந்திப் பாட்டும் உருக்குவாள். தமிழ்ப் பாட்டு ஒன்றும் உண்டு. அதைச் சிங்கள எழுத்தில் எழுதிவைத்துக் குழந்தை மாதிரிக் குழறிப் பாடுவாள். சோதிலிங்கம் இரண்டு வருடமாக, நல்ல யாழ்ப்பாணத்து வாத்தியார் தோரணையில், அவள் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வருகிறான். அவளும் பணிவாகக் குறித்துக்கொள்வாள்.

அன்று முதல் பாட்டுக்கு முன்னால் அவன் தடியைத் தூக்கினான். தலைக்குள் ஒரு மூச்சு வந்தது. பிறகு, உதடு மைக்கில் முட்ட, ஒரு முணுமுணுப்பு.

"மாரியாத்தா, தொண்டைய காப்பாத்து தாயே."

அவன் கை அந்தரத்தில் நின்றது. நில்மினி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். லீடர் திரும்பி முறைத்தார். அவன் நாலு எண்ணி அடித்தான், அடி சரியாக விழுந்தது. அவள் இழுத்த இடத்தில் அவனும் இழுத்தான், நின்ற இடத்தில் நின்றான். பாட்டு முடிந்ததும் லீடர் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த பதினொரு நாளும் அவன் கனவில் நடமாடினான். காலையில் வாவிக்கு மேல் பனிப்புகார் நிற்கும், காதுக்குள் மழை பெய்யும், நடுவில் எங்கோ அந்தக் குரல் இருக்கும். ஒத்திகையில் பாட்டுகளுக்கு இடையே அவள் தனக்குத்தானே பேசுவாள். "பசிக்குது." "செருப்பு கடிக்குது." "அய்யாவுக்கு இருமல் நின்டுச்சோ என்னமோ." இந்த ஊரில் வாய்க்குள் பூட்டிவைத்த பாஷை, றப்பர் தொப்பி வழியாக அவன் மண்டைக்குள் வந்து சாவகாசமாக உட்கார்ந்தது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொருத்தியின் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற வெட்கமும் இருந்தது. பன்னிரண்டாம் நாள் வெட்கம் வென்றது.

பஸ் நிலையத்திலிருந்து வாவிக்கரை வழியாக அவள் நடந்து வரும்போது கூட நடந்தான். வழக்கம்போலச் சிங்களத்தில் தொடங்கினான். சிங்களத்தில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"நீர் மாரியம்மனைக் கூப்பிடுறது எனக்குக் கேக்குது," என்றான்.

அவள் நின்றாள். என்ன சொல்கிறீர்கள், விளங்கவில்லை என்று சிங்களத்தில் சொன்னாள். நாலடி நடந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எத்தன நாளா?" என்றாள்.

அவன் சொன்னான். அவளுடைய முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதை அவன் கண்ணால் பார்த்தான். வேறு யாருக்குக் கேட்கும் என்று கேட்டாள். தனக்கு மட்டுந்தான் என்று சொன்னான், அப்படித்தான் நம்பியும் இருந்தான். பயப்பிடாதையும் என்றும் சொன்னான். பிறகு அவள் நடந்தபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீடு. அய்யா கறுப்பையா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய ஆள், இப்போது படுக்கை. தமிழ்ப் பெயரோடு இரண்டு பேண்டில் கேட்டுப் பார்த்தாளாம். கல்யாண வீட்டார் விரும்பமாட்டார்கள் என்றார்களாம். வேனில் வந்தால் தென்னேகும்புரப் பாலத்துச் சோதனையில் எல்லாரும் பார்க்க அடையாள அட்டையை நீட்டவேண்டும், அதனால் பஸ்.

"உங்ககிட்டயாவது சொல்லிருக்கலாம்னு நெனப்பேன். ஆனா தோட்டத்து ஆளுன்னா உங்க ஊரு ஆளுங்களே ஒரு மாதிரிதானே பாப்பாங்க," என்றாள்.

இரண்டு வருடமாகத் திருத்திய உச்சரிப்பு முழுவதும் சோதிலிங்கத்துக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் தண்ணீரைப் பார்த்தான்.

"என்னய உங்க காதுல இருந்து எடுத்துருங்கண்ணே. இந்த கல்யாணத்துக்கு வாறதெல்லாம் ஆமி ஆளுங்க. ஒருத்தருக்கு கேக்குதுன்னு தெரிஞ்சா எனக்கு வாயே தெறக்காது."

"ஓம்," என்றான். நூறடி நடந்த பிறகுதான் எதைக் கொடுத்துவிட்டு வந்தோம் என்று அவனுக்கு உறைத்தது.

ஹபீலிடம், நில்மினியின் குரல் காதைக் குத்துகிறது, அந்த வயரிலிருந்து எடுத்துவிடு என்றான். பாடுகிறவள் இல்லாமல் எதைப் பிடித்துக்கொண்டு அடிப்பீர்கள் என்று ஹபீல் கேட்டான். சோதிலிங்கம் சமாளித்தான். ஹபீல் ஒரு துணியால் மிக்சரைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

"ஒங்களுக்கும் கேட்டுட்டா அண்ணன்?"

சோதிலிங்கம் இயர்போன் வயரை விரலில் சுற்றினான்.

"எனக்கு ஹெட்போன்ல மொத நாளே கேட்டிச்சி. ரெண்டு வருஷமா அந்தப் புள்ள பாட வாய் தொறக்க முந்தி மண்டபத்துக்குப் போற சத்தத்த நான் எறக்கி வெச்சீக்கிறேன். ஒருக்கா மொத சொல்லு முழுங்கிட்டுண்டு லீடர் ஏசினாரு. பரவல்ல." துணியை மடித்தான். "அதுக்கிட்ட இத செல்ல வாணாம். தெரிஞ்சா வராம நிண்டுடும்."

கல்யாணம் பகல் விருந்து. வாசலில் வயர்களையும் பெட்டியையும் சிப்பாய் ஒருவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாப்பிள்ளை கப்டன். முன்வரிசையில் சீருடைகள். யன்னலுக்கு வெளியே வாவி வெயிலில் தூங்கியது. சோதிலிங்கத்தின் காதுக்குள் கிட்டாரும் பேஸும் மட்டும் இருந்தன, நடுவில் இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அவள் தோள் எழும்புவதையும் இறங்குவதையும் பார்த்து அடிக்க முயன்றான். முதல் பாட்டில் ஒருமுறை முந்தினான். இரண்டாவதில் அவள் உச்சியில் ஏறி நின்று இழுத்துக்கொண்டிருக்க, இவன் அடுத்த வரியைத் தட்டித் திறந்துவிட்டான். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். லீடர் திரும்பிப் பார்க்கவில்லை. முறைத்திருந்தால் பரவாயில்லை, திரும்பாததுதான் அவனைக் கொன்றது. முடிந்தது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பையிலிருந்த கடிதம் அன்றோடு வெறும் காகிதம்.

நில்மினி திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு லீடரின் முதுகைப் பார்த்தாள். மேடையை விட்டு இறங்கி, சேலையைப் பிடித்துக்கொண்டு, மிக்சருக்குப் போய் ஹபீலிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். ஹபீல் தலையை நிமிர்த்தாமல் ஒன்றைத் திருகினான், மண்டபத்துக்குப் போகும் சத்தத்தை வழக்கம்போல இறக்கினான்.

அவள் மேடைக்கு வந்து மைக்கை எடுத்தாள். வழக்கமாகச் சனத்தைப் பார்த்து நிற்கிறவள், ட்ரம்ஸைப் பார்த்து நின்றாள். சோதிலிங்கத்தின் தலைக்கு நடுவில் மூச்சு வந்தது. அவன் அம்மனுக்காகக் காத்திருந்தான்.

"அண்ணே, கேக்குதா?"

அவன் தலையை ஆட்டினான்.

"எம் பேரு தவமணி."

முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் அந்தப் பெயர் இரண்டு பேருக்குக் கேட்டது. அங்கே மிக்சருக்குப் பின்னால் ஹபீல் ஹெட்போனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு யன்னல் பக்கம் பார்த்தான். சோதிலிங்கத்துக்குக் கண் நிறைந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டிலும் தடி இருந்தது.

"நா எண்ணுறேன், நீங்க வாங்க," என்றாள். "ஒன்னு. ரெண்டு. மூனு. நாலு."

அவன் வந்தான்.