பெட்டிக்குள் என்ன இருந்தது

உப்பளத்துத் தெரு வாரியக் குடியிருப்பில் வாயுக்கசிவு ஒத்திகை நடந்த அன்று ஃப்ளோரன்ஸை எல்லோரும் பாராட்டினார்கள். மண்டல அலுவலகத்தின் பேரிடர் பிரிவுக்கு அவள் மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. அதற்கு முன் சொத்துவரிப் பிரிவில் இருந்தவள். பேரிடர் என்று அவள் அறிந்ததெல்லாம், மழைக்காலத்தில் கல்மண்டபத்தில் இருக்கும் தன் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறும்போது கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துவதுதான்.

குடியிருப்புக்குக் கிழக்கே ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கண்டெய்னர் யார்டு. துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது, பெட்டிகள்தான் தெரியும். அதற்கப்பால் எண்ணூர் விரைவுச் சாலை, அதையும் தாண்டினால் கடற்கரை. வாயு கசிந்தால் ஜனங்களை எங்கே கூட்டிப் போவது என்று திட்டம் போட்டவர்கள், மேற்கே இருந்த பள்ளி மைதானத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெரிய மைதானம், நிழலுக்கு மரங்கள், கழிப்பறை வசதி. யாரும் குறை சொல்லவில்லை.

ஒத்திகைக்கு நோயாளியாக நடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கன்னியம்மா தானாகவே முன்வந்து ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டாள். மீன் விற்கிறவள், நல்ல கனமான உடம்பு. தீயணைப்புக்காரர்கள் தூக்கியபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏ நைனா, கீழ போட்டுறாதடா, அப்பால மெய்யாலுமே ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றாள். சுற்றி நின்ற கூட்டமே சிரித்தது. மைதானத்தில் எல்லோருக்கும் மோரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கிய நேரத்தில் ஃப்ளோரன்ஸ் அண்ணாந்து பார்த்தாள். மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு மனிதர் கம்பியைப் பிடித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியம்மாவின் புருஷன் துரை. துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். இடுப்பில் அடிபட்டு நடக்க முடியாமல் போனவர்.

"சார், நிஜமாவே நடக்க முடியாதவர் மேல இருக்கார். அவரையே இறக்கிப் பார்த்திருக்கலாமே" என்று அவள் தன் மேலதிகாரி அருள்பிரகாசத்திடம் கேட்டாள்.

"ஒத்திகையில அவருக்கு ஏதாவது ஆயிட்டா யாரும்மா பதில் சொல்றது? இந்தம்மா போதும்" என்றார் அவர். கெட்ட மனுஷர் இல்லை. அவர் சொன்னதும் அப்போது சரியாகத்தான் பட்டது.

பங்குனி மாதத்து வெயிலில் ஒரு முற்பகல். ஃப்ளோரன்ஸின் கைபேசி அடித்தது. ஒத்திகையன்று அவள் எண்ணை வாங்கி வைத்துக்கொண்ட கன்னியம்மாதான்.

"யம்மா, இன்னிக்கும் ஒத்திகையா? எங்களுக்கு ஒண்ணியும் சொல்லல. இன்னாமோ நாத்தம் வருதே."

"என்ன மாதிரி நாத்தம்?"

"சொல்லத் தெரியில. அழுவுன பூண்டு மாரி கீது. கண்ணு எரியுது. புள்ளைங்க வாந்தி எடுக்குது."

அலுவலகத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று இருந்தது. அதை ஓட்டும் கமால் பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஃப்ளோரன்ஸ் ஓடி வருவதைப் பார்த்ததும் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

விரைவுச் சாலையில் பெட்டி ஏற்றிய ட்ரெய்லர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. யார்டு வாசலில் தொடங்கி கண்ணுக்கெட்டிய தூரம் வரை. கமால் பாய் ஜீப்பை நடைபாதையில் ஏற்றி இறக்கிச் சந்துக்குள் விட்டார். போகும் வழியெல்லாம் ஃப்ளோரன்ஸ் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் அதே வரிசையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆம்புலன்ஸுக்கும் அதே கதி. கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண், "எந்த வாயு மேடம்? அதைச் சொன்னாதான் என்ன செய்யணும்னு சொல்ல முடியும்" என்றாள். நியாயமான கேள்வி. அம்மோனியா என்றால் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். குளோரின் என்றால் தாழ்வான இடத்தில் நிற்கக் கூடாது, மாடிக்கு ஏற வேண்டும். சிலவற்றுக்கு வெளியே வருவதே தப்பு, கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும். இவ்வளவும் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எது கசிகிறது என்று தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

யார்டின் மேலாளர் மேத்யூ. பேரிடர்க் குழுக் கூட்டங்களுக்கெல்லாம் தவறாமல் வருவார், எப்போதும் சிரித்த முகம். அவர் போனை எடுக்கவே வெகுநேரம் ஆனது.

"மேடம், ஒரே ஒரு பெட்டிதான். எங்க ஆளுங்க பாத்துக்கறாங்க. பயப்படாதீங்க."

"பெட்டிக்குள்ள என்ன சார்?"

"துணிச் சாயம்னு போட்டிருக்கு."

"சாயம் இப்படி நாறுமா சார்? குழந்தைங்க வாந்தி எடுக்குது."

"அதான் மேடம், ஏத்தி அனுப்பினவங்களைக் கேட்டிருக்கோம். தலைமை அலுவலகத்துல அனுமதி இல்லாம நான் எதுவும் சொல்லக் கூடாது. அஞ்சு நிமிஷம் குடுங்க."

அந்த ஐந்து நிமிஷம் அன்று முடியவே இல்லை.

ஜீப் தெருவுக்குள் நுழைந்தபோது நாற்றம் முகத்தில் அறைந்தது. தொண்டைக்குள் யாரோ மிளகாய்த் தூளைப் போட்ட மாதிரி இருந்தது. ஜனங்கள் படிக்கட்டுகளில் கும்பல் கும்பலாக நின்றுகொண்டிருந்தார்கள். ஓடவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. ஜீப்பைப் பார்த்ததும் எல்லோர் முகமும் அவள் பக்கம் திரும்பியது. எதற்கும் ஒரு வழி சொல்லுவாள் என்று நம்புகிற முகங்கள். ஒத்திகையில் அவள்தானே எல்லாம் சொன்னாள்.

அருள்பிரகாசத்தைக் கூப்பிட்டாள். அவர் தலைமையிடத்தில் கூட்டத்தில் இருந்தார். "திட்டத்துல என்ன இருக்கோ அதைச் செய்யும்மா. பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அவள் மைக்கை எடுத்தாள். "பொதுமக்கள் கவனத்திற்கு" என்று தொடங்கியவளுக்கு அடுத்த சொல் வரவில்லை. இருமல்தான் வந்தது. பிறகு வீட்டில் பேசுகிற பாஷையிலேயே கத்தினாள்: "எல்லாரும் துணியை நனைச்சு மூஞ்சில கட்டிக்கங்க. வூட்டை அப்படியே வுட்டுட்டு ஸ்கூல் கிரவுண்டுக்குப் போங்க. ஜல்தி!"

ஜனங்கள் கிளம்பினார்கள். குழந்தைகளை இடுப்பிலும் தோளிலும் தூக்கிக்கொண்டு, ஈரத் துப்பட்டாவும் துண்டும் கட்டிக்கொண்டு. கன்னியம்மா மட்டும் எதிர்த்திசையில் படியேறிக்கொண்டிருந்தாள். ஃப்ளோரன்ஸும் கமால் பாயும் அவள் பின்னால் ஓடினார்கள்.

துரை கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலை ஒரு போர்வையால் அடைத்திருந்தார்கள். அந்த அறைக்குள் நாற்றம் வெளியே இருந்த அளவுக்கு இல்லை. அது ஃப்ளோரன்ஸுக்கு அப்போதே தெரிந்தது.

"நான் வரல. நீங்க போங்க. போர்வை அடைச்சிருக்கு, நான் கீறேன்" என்றார் துரை.

"யோவ், ஆபீசர் அம்மாவே வந்து சொல்லுது. சும்மா இரு" என்றாள் கன்னியம்மா. பிறகு ஃப்ளோரன்ஸைப் பார்த்தாள். "இட்டுகினு போவட்டுமா? இல்ல இங்கியே வுட்டுறட்டுமா? நீயே சொல்லு."

ஃப்ளோரன்ஸ் ஜன்னல் போர்வையைப் பார்த்தாள். மேத்யூவின் எண்ணை மறுபடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கன்னியம்மா காத்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டிட்டுப் போயிடலாம்" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

ஸ்ட்ரெச்சர் தீயணைப்பு வண்டியில் இருந்தது. தீயணைப்பு வண்டி ட்ரெய்லர் வரிசையில் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் துரையை உட்கார வைத்து, கமால் பாய் முன்னால், பெண்கள் இருவரும் பின்னால் பிடித்து இறக்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் இடுப்பு சுவரில் இடிக்க, அவர் அலறினார். கீழே சந்து வழியை மறித்து ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி நின்றது. யாருடையதோ. அதில் அவரைக் கிடத்தி, ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மைதானம் நிறைந்திருந்தது. மரத்தடியில் குழந்தைகளுக்கு முகம் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று அசையாமல் இருந்தது, நாற்றமும் அவ்வளவாக இல்லை. ஃப்ளோரன்ஸ் சற்று மூச்சுவிட்டாள். துரையைக் கூட நிழலில் சாய்த்துவிட்டார்கள்.

பிறகு மர இலைகள் அசைந்தன. உச்சி வெயிலில் கடலிலிருந்து கிளம்பும் காற்று. அந்தப் பக்கத்து ஜனங்கள் தினமும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் காற்று அது. அது கிழக்கிலிருந்து வந்தது. யார்டைத் தாண்டி, குடியிருப்பைத் தாண்டி, நேராக மைதானத்துக்கு வந்தது.

முதலில் ஒரு குழந்தை இருமியது. அப்புறம் மைதானமே இருமியது.

"யம்மா, இங்கியும் வந்திச்சு. இப்ப எங்க போவணும்?" என்று யாரோ கத்தினார்கள். மைக் ஜீப்பில் இருந்தது. அவள் கைகளை வாயருகே குவித்துக்கொண்டு, "கடற்கரைக்கு! சுத்திப் போங்க, கடற்கரைக்கு!" என்று கத்தினாள். கொஞ்ச நேரம் முன்பு மேற்கே போகச் சொன்ன அதே வாய். சிலர் ஓடினார்கள். சிலர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு குந்திவிட்டார்கள். ஓடியவர்கள், நின்றுகொண்டிருந்த ட்ரெய்லர்களுக்கு நடுவே புகுந்து, சக்கரங்களுக்கு இடையில் குழந்தைகளைக் கைக்குக் கை மாற்றி விரைவுச் சாலையைக் கடந்தார்கள்.

மீன்பாடி வண்டியை அந்த வழியில் கொண்டுபோக முடியாது. துரை கிழக்கே பார்த்தபடி மரத்தடியிலேயே கிடந்தார். கன்னியம்மா தன் புடவை முந்தானையை நனைத்து அவர் முகத்தில் போட்டு, மேலே கவிழ்ந்துகொண்டாள். ஃப்ளோரன்ஸ் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். வாய் தானாகவே 'அருள்நிறை மரியே' ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜெபம் முடிவதும் மறுபடி தொடங்குவதும் அவளுக்கே தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை வேறு எதுவும் செய்யக் கிடைக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் நாற்றம் அடங்கிவிட்டது. மறுநாள் ஃப்ளோரன்ஸ் யார்டுக்குப் போனாள். பெட்டி இருந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். சிமெண்ட் தரை புதிதாகப் பளிச்சென்றிருந்தது. "அனுப்பினவங்களே வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க மேடம். விசாரணை நடக்குது, அதனால நான் பேசக் கூடாது" என்றார் மேத்யூ. அவர் கண்களும் சிவந்து வீங்கியிருந்தன. அவரும் அங்கேயே நின்றவர்தான்.

செய்தித்தாளில் நாலு வரி வந்தது. துர்நாற்றம், பரபரப்பு, உயிர்ச்சேதம் இல்லை.

பெரும்பாலானவர்கள் ஓரிரு நாளில் தேறினார்கள். துரை தேறவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஃப்ளோரன்ஸ் போகும்போதெல்லாம் அவர் மூக்கில் குழாயோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளம் டாக்டர் ஒருவர், அவள் அரசாங்க ஆள் என்று தெரிந்ததும் தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

"நீங்களாவது சொல்லுங்க மேடம். என்னத்தைச் சுவாசிச்சாரு? அது தெரிஞ்சா நான் ஒரு பக்கம் போவேன். இப்ப இருட்டுல தடவிக்கிட்டு இருக்கேன்."

"கேட்டிருக்கேன் டாக்டர். சொல்ல மாட்டேங்கறாங்க."

"யாரு சொல்லணும்?"

அவளுக்கு அதுவும் தெளிவாகத் தெரியவில்லை. சுங்கத்துறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்கச் சொன்னது. அவர்கள் மாவட்ட நிர்வாகத்தைக் கேட்கச் சொன்னார்கள். மாவட்ட நிர்வாகத்திலிருந்து விவரம் கேட்டு மண்டல அலுவலகத்துக்கு, அதாவது அவளுக்கே, போன் வந்தது.

ஆடி பிறப்பதற்குள் துரை போய்விட்டார். சான்றிதழில் நிமோனியா என்று இருந்தது.

ஃப்ளோரன்ஸ் அருள்பிரகாசத்தின் அறைக்குப் போனாள். "சார், அன்னிக்கு நடந்ததுல ஒருத்தர் செத்திருக்கார். நம்ம அறிக்கையில அவர் பேரைச் சேர்க்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சேக்கலாம்மா. எதைச் சுவாசிச்சு செத்தார்னு எழுதுவே?"

அவள் சான்றிதழ் நகலை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"நான் கேட்டா மட்டும் சொல்லுவாங்கன்னு நினைக்கிறியா? எனக்கும் மேல கேட்டுப் பாத்துட்டேன்" என்றார் அவர். "அடுத்த கூட்டத்துல மைதானத்தை மாத்தச் சொல்லி வெச்சிருக்கேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது."

கூட்டம் நடந்தது. மைதானத்துக்குப் பதிலாகக் கடற்கரை என்று ஆனது. கடற்கரைக்குப் போக நடுவில் ட்ரெய்லர் வரிசை இருக்கிறதே என்று ஃப்ளோரன்ஸ் எழுந்து சொன்னாள். அது போக்குவரத்துக் காவல் சம்பந்தப்பட்டது, தனியாகப் பேசலாம் என்றார்கள். பெட்டியைப் பற்றிக் கேட்டாள். மேத்யூ தலையைக் குனிந்துகொண்டார். குழுத் தலைவர், விசாரணையில் இருப்பதைப் பற்றி இங்கே பேச வேண்டாம் என்று சொல்லி, கொசு மருந்து விஷயத்துக்குப் போனார்.

அன்று மாலையே அவள் உப்பளத்துத் தெருவுக்குப் போனாள். கன்னியம்மா படிக்கட்டில் காலி மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஃப்ளோரன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அவரை வீட்டிலயே விட்டிருந்தா..." என்றாள்.

"வுட்டிருந்தா பொழச்சிருப்பாரா?"

"தெரியல."

"எனக்கும் தெரியல. அத்த வுடு." கன்னியம்மா கூடையைத் தட்டிச் செதில்களை உதிர்த்தாள். "இன்னொரு தபா வந்தா எந்தப் பக்கம் ஓடணும்? அத்தச் சொல்லு."

"காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கம் போகணும். குறுக்கே சுத்திப் போகணும்."

"பாதி வழியில காத்து மாறிச்சுன்னா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்தது. படிக்கட்டு அதிர்ந்தது.

தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. ஜனங்கள் குடங்களோடு ஓடினார்கள். கன்னியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். படியோரம் இருந்த குடங்களில் இரண்டை எடுத்துக்கொண்டு, துரை இருந்தவரை நிறைத்த மூன்றாவதைப் பார்த்துத் தயங்கினாள். அதை ஃப்ளோரன்ஸ் எடுத்துக்கொண்டாள். இருவரும் வரிசையில் போய் நின்றார்கள்.