புதன்கிழமைக்கு எத்தனை மதிப்பெண்

சுன்னிவாவின் அப்பா ஓட்வார் பேனாவை மூடி வைத்தபோது, நகராட்சியின் கருத்துக்கேட்புத் தாளிலிருந்த பதினெட்டுக் கேள்விகளுக்கும் ஆறு போட்டிருந்தார். ஒன்றிலிருந்து ஆறு வரை போடலாம், ஆறுதான் உச்சம். சாலைக்கு ஆறு. படகுக்கு ஆறு. ஊர் சுகாதார நிலையத்துக்கு ஆறு, அதன் கீழே அழுத்தி ஒரு கோடு வேறு.

"அப்பா, உனக்கு மூளை கீளை குழம்பிடுச்சா?"

"ஏன், எழுத்து கோணலா இருக்கா?"

"பத்து நிமிஷம் முன்னாடி என்ன சொன்னே? இந்த நகராட்சிக்காரனுங்க கையில மீன் வாளியக்கூட நம்பிக் குடுக்க முடியாதுன்னு சொன்னியா இல்லியா?"

"அது காப்பி குடிக்கறப்ப சொன்னது."

"அதத்தான்பா எழுதணும்! அதுக்குத்தான் இந்தத் தாளு!"

"எழுதுனா யோருன் என்ன நெனப்பா?" என்றார் ஓட்வார், அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோல. வாஃபிலின் மேல் பழுப்புச் சீஸைச் சீவி வைத்து அவள் பக்கம் தள்ளினார். "தின்னு. பசியில கத்துற."

யோருன்தான் ஹார்வீக்கின் ஒரே நர்ஸ். ஹார்வீக்கில் பெரியவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். நகருக்குச் சாலை கிடையாது. படகில் நாற்பது நிமிடம், காற்று அடித்தால் அதுவும் கிடையாது. இரண்டு வருடம் முன்பு வரை சுகாதார நிலையம் வாரத்தில் ஐந்து நாள் திறந்திருந்தது. பிறகு நகராட்சி அதைச் செவ்வாய், வியாழன் என்று இரண்டு நாளாக வெட்டியது. இப்போது அந்த இரண்டு நாளையும் என்ன செய்வது என்று யோசிக்கிறார்கள். யோசிப்பதற்கு முன் மக்களின் கருத்தைக் கேட்கிறார்கள்.

கேட்கும் வேலை சுன்னிவாவுக்கு வந்தது. அவள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். சமூகவியல் பட்டம், கடன், நகராட்சியில் ஆறு மாதத் தற்காலிக வேலை. அது நிரந்தரமாகலாம் என்று மேலாளர் பெந்தே இரண்டு முறை சொல்லியிருந்தாள். தபாலில் அனுப்பிய தாள்களில் ஹார்வீக்கிலிருந்து ஒன்பதுதான் திரும்பி வந்தன. "நீ அந்த ஊர்ப் பொண்ணுதானே, வீடு வீடாப் போயேன்" என்று அனுப்பிவிட்டாள் பெந்தே.

போனாள். எல்லா வீட்டிலும் ஒரே கதை. முதலில் காப்பி. காப்பியோடு வசவு: படகு நின்றுபோன நாள்கள், மருத்துவருக்குப் போன் போட்டால் பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விடும் இயந்திரம், பிப்ரவரியில் நாலு நாள் அள்ளாமல் கிடந்த பனி. வசவு தீர்ந்ததும் பேனா. பேனா கைக்கு வந்ததும் எல்லோருக்கும் நாக்கு மடங்கிவிடும். பனி அள்ளுகிறவன் தங்கை மகன். நூலகப் படகில் வருகிறவள் பள்ளித் தோழி. பயணப் படகை ஓட்டும் ஸ்டைனார் மருந்துப் பொட்டலத்தை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து தருகிறவன்.

"ஸ்டைனாருக்கு நாலுன்னு போட முடியுமாம்மா? நாளைக்கு அவன் படகுலதானே ஏறணும், மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள்.

"இது ஸ்டைனாருக்கு இல்ல, படகுச் சேவைக்கு."

"படகுல வேற யாரு இருக்கா?"

திங்கள்கிழமை காலை நிரப்பிய தாள்களையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு நகருக்குப் படகேறினாள்.

மதியத்துக்குள் பெந்தே கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். முகமெல்லாம் பூரிப்பு.

"சுன்னிவா, இங்க பாரு! நகராட்சியிலயே உங்க ஊருதான் முதல். சுகாதார நிலையத்துக்கு அஞ்சு புள்ளி எட்டு! அஞ்சு நாள் இருந்தப்பக்கூட இவ்வளவு இல்ல."

"அதனால?"

"அதனால நாம பயந்த மாதிரி எதுவும் ஆகல. நாளைக் குறைச்சோம், திருப்தி குறையல. அப்ப மீதி ரெண்டு நாளையும் எடுத்துட்டு, திரையில மருத்துவரைப் பாக்குற ஏற்பாட்டுக்கு மாத்திடலாம். வியாழக்கிழமை குழு கூடுது. கையெழுத்து போட்டா முடிஞ்சுது." பெந்தே அவள் தோளைத் தட்டினாள். "அருமையான வேலை செஞ்சிருக்க."

அவள்தான் செய்திருக்கிறாள். வீடு வீடாகப் போய், வாஃபில் தின்று, ஊரின் கழுத்தைத் தன் கையாலேயே நெரித்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பையில் மிஞ்சியிருந்த ஒரு தாளின் பின்பக்கத்தைப் படித்தாள். பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: புதன் மாலை நான்கு மணி வரை, கொடுத்த தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதிது தரலாம். வெளியே வரும்போது அச்சு இயந்திரத்தின் பக்கத்திலிருந்த வெற்றுத் தாள் கட்டைப் பைக்குள் தள்ளினாள்.

மாலைப் படகில் இறங்கி நேராக யோருன் வீட்டுக்குப் போனாள். யோருன் ஐம்பத்தெட்டு வயது, கட்டையான உடம்பு, உப்புத் தண்ணீரில் ஊறிய மாதிரிக் குரல். சுன்னிவா சொன்னதைக் கேட்டுக்கொண்டே உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே போட்டாள்.

"எல்லாருமா?"

"எல்லாரும். எங்கப்பா கோடு வேற போட்டாரு."

"முட்டாப் பசங்க." யோருன் சிரிக்கவில்லை. "எனக்குப் பூச்செண்டு குடுக்கறதா நெனச்சு, பாடை மேல வைக்கிற மலர்வளையத்தக் குடுத்திருக்காங்க."

"உங்களுக்கு ஆறு குடுக்கலாம் யோருன். நிலையத்துக்கு எப்படிக் குடுக்கலாம்? வாரத்துல அஞ்சு நாள் பூட்டிக் கிடக்கு. ஏதோ நவம்பர்ல எங்கப்பாவுக்கு நெஞ்சுவலி வியாழக்கிழமையாப் பாத்து வந்துச்சு..."

"வியாழக்கிழமைன்னு யாரு சொன்னா?"

சுன்னிவா நிமிர்ந்து பார்த்தாள்.

"புதன்," என்றாள் யோருன். "காலைல பத்து மணி. காத்துல படகு நின்னுபோச்சு, ஹெலிகாப்டரும் வரமாட்டேன்னுட்டான். நான் வீட்டுச் செருப்போட ஓடிப் போயி நிலையத்தத் திறந்தேன். ஆக்சிஜன் எடுத்தேன், ஊசி எடுத்தேன். மூடியிருக்கிற நாள்ல, மருத்துவர் கையெழுத்து இல்லாம. மறுநாள் படகு வர்ற வரைக்கும் உங்கப்பன் கையப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளிய தெரிஞ்சா என் உரிமம் போயிடும்னு ஊரே சேர்ந்து வியாழக்கிழமைன்னு சொல்லிடுச்சு. உன்கிட்டயும். நீ நகராட்சியில வேலைக்குச் சேரப் போறேன்னு சொல்லிக்கிட்டு இருந்த."

நவம்பரில் ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்றது சுன்னிவாவுக்கு நினைவு வந்தது. அப்பா சாம்பல் நிறத்தில் கிடந்தார். 'நல்ல வேளை வியாழக்கிழமை' என்று அவர் வாயாலேயே சொன்னார். பெற்ற மகளிடம். கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தக் கோடு ஏன் போடப்பட்டது என்று மட்டும் இப்போது புரிந்தது. பூட்டியிருந்த நிலையத்துக்கு அவர் ஆறு போடவில்லை. பூட்டைத் திறந்தவளுக்குப் போட்டிருக்கிறார்.

"அந்தத் தாள் கட்ட இங்க வை," என்றாள் யோருன்.

மறுநாள் செவ்வாய். நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வந்தவர்கள், வராதவர்கள் என்று ஊரில் பாதிக்குமேல் வந்துவிட்டார்கள். யோருன் ஒவ்வொருவர் கையிலும் பட்டையைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "வீட்டுல காப்பி குடிக்கறப்ப என்ன திட்டுவியோ அத எழுது. எனக்கு மார்க் போடாத. நான் இல்லாத அஞ்சு நாளுக்குப் போடு."

ஆட்கள் நெளிந்தார்கள். திருடப் போகிறவர்கள் மாதிரித் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். ஒருத்தி மூன்று போட்டுவிட்டு, "தப்பா எடுத்துக்காத யோருன்" என்று அழுதே விட்டாள். அவளுடைய அழுத்தம் ஏறிவிட்டதால் மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

கடைசியாக ஓட்வார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் மாத்த மாட்டேன். எழுதுனா புதன்கிழமையப் பத்தி எழுதணும். அது உனக்கு ஆகாது."

"எழுது."

"வேலை போயிடும்டி உனக்கு."

"வேற ஊர்ல எனக்கு வேலை கிடைக்கும் ஓட்வார். உனக்கு வேற நெஞ்சு கிடைக்காது."

ஓட்வார் மகளைப் பார்த்தார். "இவகிட்டயும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டாங்க," என்றாள் சுன்னிவா. "உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன். முதல்ல எழுது."

அவர் உட்கார்ந்தார். நாற்பது வருடம் வலை இழுத்த விரல்களுக்கு அந்தப் பேனா ஈர்க்குச்சி மாதிரி இருந்தது. சுகாதார நிலையம் என்ற கட்டத்தில் ஒன்று போட்டார். கீழே கருத்துக்கான இடத்தில் மெல்ல எழுதினார்: 'நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை நான் சாகக் கிடந்தேன். நிலையம் பூட்டியிருந்தது. நர்ஸ் சம்பளமில்லாத நாளில் வந்து பூட்டைத் திறந்தாள். அவளுக்கு ஆறு. உங்களுக்கு ஒன்று.' தாளை மடிக்காமல் யோருனிடமே நீட்டினார். அவள் முதுகுக்குப் பின்னால் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

யோருன் படித்தாள். அந்தப் பக்கத்துக்காரர்கள் ஆமாம் என்பதற்குச் செய்வதுபோல உதட்டைக் குவித்து மூச்சை உள்ளுக்கு இழுத்தாள். அவ்வளவுதான்.

"படகுக்கு மட்டும் ஆறுதான்," என்றார் ஓட்வார் எழுந்துகொண்டே. "ஸ்டைனார் தாங்கமாட்டான்."

புதன்கிழமை மூன்றரை மணிக்குச் சுன்னிவா எழுபத்தோரு புதிய தாள்களைப் பெந்தேயின் மேசையில் வைத்தாள்.

"என்னது இது?"

"மாத்திக் குடுத்தது. உங்க விதிதான், பின்பக்கம் இருக்கு."

"யாரும் இதுவரைக்கும் மாத்தினதே இல்லையே?"

"யாரும் பின்பக்கம் படிச்சதில்ல."

பெந்தே மேலே இருந்த தாளைப் படித்தாள். அது ஓட்வாருடையது, சுன்னிவாதான் மேலே வைத்திருந்தாள். பெந்தேயின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. "நர்ஸ் திறந்தாங்களா? மூடியிருந்த நாள்லயா?" என்றாள். அத்தனை வரிகளில் அவளுக்குக் கண்ணில் பட்டது அதுதான்.

"அவரு சாகக் கிடந்தாருன்னும் எழுதியிருக்கு. அதையும் படிங்க."

வியாழக்கிழமை குழு கூடியது. நிலையத்தை மூடும் முடிவை ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். யோருனிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். சுன்னிவாவின் வேலை மாதக் கடைசியோடு முடிந்துவிடும் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. நன்றி சொல்லி, சிரிக்கும் பொம்மை போட்டு.

அடுத்த புதன்கிழமை காலை காற்று ஏறத் தொடங்கியது. ஸ்டைனார் படகை இரட்டைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தான், இனிப் படகு நாளைக்குத்தான். சுன்னிவா அப்பாவோடு சுகாதார நிலையத்தைத் தாண்டி நடந்தாள். வாசலில் யோருன் வழுக்காமலிருக்க மணல் தூவிக்கொண்டிருந்தாள், படியில் பனி உறைந்திருந்தது.

"உள்ள போகலியா?" என்றார் ஓட்வார்.

"எப்படிப் போறது? விளக்கம் குடுக்கற வரைக்கும்னு சாவிய வாங்கிட்டுப் போயிட்டாங்க."

ஓட்வார் கதவைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பையிலிருந்த மாத்திரை டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. சுன்னிவா அதைக் கவனித்தாள். அவர் நடையை மெதுவாக்கிக்கொண்டார். அவளும் மெதுவாக்கிக்கொண்டாள்.